கரண்ட் போனால் பள்ளிக்கூடம்

கரண்ட் போனால் எங்கள் தெருவில் முதலில் வருவது வசவு. விசிறி தேடுவதெல்லாம் அதற்கப்புறம்தான். எண்ணூர்ப் பக்கம் கரியை எரித்து எரித்து நம் கொடித்துணி மேல் சாம்பலைக் கொட்டுகிறான், கரண்டை மட்டும் எவன் வீட்டுக்கோ அனுப்புகிறான் என்று கோதண்டம் தொடங்குவார். எதிர்வீட்டுக்காரர்கள் முடித்துவைப்பார்கள். இரண்டாயிரத்து எட்டில் திருவொற்றியூர் முழுக்க இதே பாட்டுதான். கோதண்டத்தின் மாடியில் மட்டும் ஒரு பெண் குழந்தை கைதட்டும்.

அது ஜெனிட்டா. ஒன்பது வயசு. சண்டைக்குத் தப்பி மன்னாரிலிருந்து இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஃப்ளோராவின் மூத்தவள். ஃப்ளோரா மகளின் பெயரை 'ஜெனிற்றா' என்றுதான் எழுதுவாள். அவர்கள் ஊரில் அப்படி எழுதிவிட்டு 'ஜெனிட்டா' என்று படிப்பார்களாம். நாங்கள் படித்தால் 'ஜெனிட்ரா' என்று வரும். நாலு வயசுச் சின்னவன் பெயரை 'அன்ரன்' என்று எழுதிவிட்டு ஆன்டன் என்று கூப்பிட்டாள். இது எந்த ஊர் நியாயம் என்று வீட்டுக்காரர் கோதண்டம் கேட்டார். வாய் நிறைய வூடு வூடு என்று சொல்லிவிட்டு வாசல் பலகையில் மட்டும் 'வீடு வாடகைக்கு' என்று எழுதினாயே, அது எந்த ஊர் நியாயம் என்று அவர் பெண்டாட்டி மங்கம்மா அவர் வாயை அடைத்தாள்.

மங்கம்மா கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். விடிந்தால் காசிமேட்டில் மீன் எடுத்து, கூடை காலியாகும்வரை வீடு வீடாக நடந்துவிட்டு மத்தியானம் திரும்புவாள். பிள்ளை குட்டி இல்லை. ஃப்ளோரா பெட்டியோடு வந்து நின்ற அன்றைக்கே அன்ரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், இறக்கவே இல்லை. அவன் ஆறே மாதத்தில் தாயைப் பார்த்து "இன்னாமே, சோறு துன்னியா?" என்று கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டான். ஃப்ளோரா தலையில் அடித்துக்கொண்டாள். எங்களுக்கெல்லாம் பெருமைதான். எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும், ஒரு குழந்தை இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கிறது என்றால் அதில் ருசி இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

ஃப்ளோராவின் புருஷன் ஜேக்கப் முன்னாடியே கனடா போய்விட்டான். மூன்று மாதத்தில் உங்களையும் அங்கே எடுத்துவிடுவேன் என்று சொல்லித்தான் இவர்களைச் சென்னையில் தங்கவைத்தான். மூன்று மாதத்துக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று ஃப்ளோரா சேர்க்கவில்லை. அந்த மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு மூன்று மாதம் வந்தது. அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. நடுவில் பயந்துபோய் நாலைந்து பள்ளிக்கூடங்களில் ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் டி.சி. கேட்டார்கள். ஜெனிட்டா படித்த பள்ளிக்கூடத்தின் கூரையே இப்போது இல்லை, டி.சி.க்கு எங்கே போவது. சரி, நானே படிப்பிக்கிறேன் என்று ஃப்ளோரா உட்கார்ந்தாள். ஊரில் டீச்சராக இருந்தவள்தான். ஆனால் அவளுக்கு வேலையும் வீட்டிலேயே.

அந்த வேலை எங்கள் தெருவுக்குப் புதுசு. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, அவனுக்கு என்ன வியாதி, எங்கே அறுக்க வேண்டும் என்று ஒரு மெஷினில் பேசி வைப்பார்களாம். அந்தப் பேச்சு கம்ப்யூட்டர் வழியாக மாடிக்கு வரும். இவள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, ஒரு எழுத்துப் பிசகாமல் டைப் அடித்துச் சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். காலுக்குக் கீழே தையல் மெஷினில் இருப்பது மாதிரி ஒரு மிதி இருக்கும். புரியாத இடம் வந்தால் மிதித்துத் திரும்பக் கேட்கலாம். சில டாக்டர்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்கள், சிலர் கார் ஓட்டிக்கொண்டே. விஷயம் தெரிந்ததும் தெருவே மாடிப்படியில் வரிசை கட்டியது. கோதண்டம் தன் முட்டி வலிக்கு மருந்து கேட்டார். "எனக்கு வருத்தத்தின்ர பேர்தான் தெரியும் அண்ணை, மருந்து தெரியாது" என்றாள் ஃப்ளோரா. அவர்கள் ஊரில் வருத்தம் என்றால் வியாதி. இவர் அதைக் கவலை என்று எடுத்துக்கொண்டு, பாவம், இந்தப் பெண்ணுக்கு என்ன வருத்தமோ என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தப்பு நடந்தது. ஒரு கிழவருக்குச் சர்க்கரையால் கால் அழுகி, இடது காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து அன்ரன் நாற்காலியிலிருந்து விழுந்தான். "அம்மா, தம்பி விழுந்திட்டான்" என்று ஜெனிட்டா கத்தினாள். ஃப்ளோரா திரும்பிப் பார்த்தபடியே வலது கால் என்று அடித்துவிட்டாள். கம்பெனியில் சரிபார்க்கிறவர் கண்ணில் பட்டதால் கிழவர் பிழைத்தார். போனில் அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்கள், இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்றார்கள். ஃப்ளோரா மகளின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி, அழுதுகொண்டே சொன்னாள்.

"நான் டைப் பண்ணேக்க கதைக்காதேங்கோ எண்டு சொன்னனா இல்லையா? நீங்கள் கதைச்சா ஒரு மனுசன்ர கால் போகும். விளங்குதா?"

கதைப்பது என்றால் அவர்களுக்குப் பேசுவது. ஜெனிட்டாவுக்கு நன்றாக விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து அன்ரன் பகல் முழுக்கக் கீழே. மங்கம்மா கூடையோடு போனால் கோதண்டம் பார்த்துக்கொள்வார். ஜெனிட்டாவுக்குப் படிப்பு இருந்ததால் மாடியிலேயே இருந்தாள். காலையில் ஃப்ளோரா கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காதில் மாட்டிக்கொள்வாள். ஜெனிட்டா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து போடுவாள். சந்தேகம் வந்தால் சிலேட்டில் எழுதி நீட்டுவாள். ஃப்ளோரா காலால் மிதியை நிறுத்திவிட்டு அதிலேயே பதில் எழுதுவாள். பசித்தாலும் சிலேட்டு, தாகமென்றாலும் சிலேட்டு. இருமல் வந்தால் தலையணையில் முகத்தை வைத்து இருமும் அந்தக் குழந்தை. இதை மங்கம்மா ஒருநாள் பார்த்துவிட்டு வயிறெரிந்து போனாள்.

"இன்னாமே ஃப்ளோரா, கொயந்தைய இப்டி வாயக் கட்டி வச்சிகினு கீறே. கொஞ்ச நேரம் கீய அனுப்பேன், வாய் வுட்டுப் பேசட்டும்."

"அனுப்பினா படிப்பு போகுது அக்கா. வேலையை விட்டா சாப்பாடு போகுது. நான் எந்தப் பக்கம் இழுக்க?" என்று கேட்டாள் ஃப்ளோரா. மங்கம்மா நெத்திலிக் குழம்பைக் கிண்ணத்தோடு வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

ஆக, அந்த வீட்டில் பேச்சு என்பது கரண்ட் போனால்தான். கம்ப்யூட்டருக்குக் கீழே ஒரு யூ.பி.எஸ். பெட்டி இருந்தது. கரண்ட் போனதும் அது கீக் கீக் என்று கத்தும். ஃப்ளோரா அவசரமாக எல்லாவற்றையும் சேமித்துவிட்டு கம்ப்யூட்டரை அணைப்பாள். திரை கறுத்ததும் ஜெனிட்டா கைதட்டுவாள். அதுதான் பள்ளிக்கூட மணி. அதற்கப்புறம் வாய்ப்பாடு, பாட்டு, சொல்வதெழுதுதல், ஏன் கடல் உப்பாக இருக்கிறது, அப்பா எப்போது கூப்பிடுவார், எல்லாம் கொட்டும். கீழே நாங்கள் வேர்த்து ஊற்றிக்கொண்டு மின்சார வாரியத்தைத் திட்டிக்கொண்டிருப்போம், மேலே ஒரு குரல் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் வந்ததும் குழாயை மூடினாற்போல் நின்றுவிடும்.

அந்த ஜூனில் ஜேக்கப் போன் செய்து, கனடாப் பேப்பர் நிற்கிறது, இன்னும் இரண்டு வருஷம் கூட ஆகலாம் என்று சொல்லிவிட்டான். ஃப்ளோரா அன்றைக்கு உலை வைக்கவில்லை. பிள்ளைக்குப் பத்து வயசு ஆகப் போகிறது, இங்கே வந்து இன்னும் ஒரு வகுப்பில் உட்காரவில்லை, இனி எங்கே போய் எந்த வகுப்பில் உட்காருவாள் என்று மங்கம்மாவிடம் சொல்லி அழுதாள். இந்த வருஷம் போனால் போனதுதான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

மங்கம்மா சும்மா இருக்கிற ஆளா. அவளிடம் மீன் வாங்கும் வீடுகளில் ஒன்று, பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றின் பெரிய டீச்சர் வீடு. வஞ்சிரத்தில் நடுத்துண்டாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு விஷயத்தை எடுத்தாள். பெரிய டீச்சர் நல்ல மாதிரிதான். டி.சி. இல்லாவிட்டால் பரவாயில்லை, குழந்தை ஐந்தாவதுக்குத் தேறுமா என்று நானே இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறேன், அதில் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, திங்கட்கிழமை அழைத்து வா என்றார்.

அந்த வாரம் தெருவே பரீட்சைக்குப் படித்தது. ஃப்ளோராவுக்கு ஒரே பயம், தங்கள் ஊர்ப் பேச்சு வந்து கெடுத்துவிடுமோ என்று. கதிரை என்று சொல்லாதே, நாற்காலி என்று சொல். யன்னல் இல்லை, ஜன்னல். கொப்பி இல்லை, நோட்டு. கரண்ட் போகும் நேரமெல்லாம் இதுதான் வேலை. மங்கம்மாவுக்கு வேறு பயம், எங்கள் பேச்சு ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று. கோதண்டம் துண்டைப் புடவைத் தலைப்பு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு மாடியில் போய்ப் பெரிய டீச்சராக உட்கார்ந்தார்.

"உன் பேர் இன்னா?"

"என் பெயர் ஜெனிட்டா."

"அப்பன் இன்னா பண்றாரு?"

"என் அப்பா கனடாவில் வேலை செய்கிறார்."

"பெரியவளாயி இன்னாவா ஆவப் போறே?"

அதற்கும் பதில் வைத்திருந்தாள். கணீரென்று சொன்னாள். கோதண்டம் கீழே வந்து, இப்படிப் பேசினால் கலெக்டராகவே ஆகிவிடும் அந்தக் குழந்தை என்று தெருவுக்குச் சொன்னார். அவள் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும்தான் எல்லோரும் பார்த்தோம். அன்றைக்கும் கரண்ட் இல்லாததால்தான் அவள் பேசினாள் என்பது எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை, பெற்றவளுக்கும் சேர்த்துத்தான்.

திங்கட்கிழமை ஃப்ளோரா இருந்ததிலேயே நல்ல கவுனை மகளுக்குப் போட்டு, தலையில் ரிப்பன் கட்டினாள். வேலையைப் பாதியில் வைத்துவிட்டு வந்திருந்தாள், மத்தியானத்துக்குள் திரும்பியாக வேண்டும். மங்கம்மா கூடையை வீட்டில் போட்டுவிட்டுக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு கூடப் போனாள். பெற்றவர்கள் வெளியே இருங்கள், குழந்தை மட்டும் வரட்டும் என்றார்கள். இரண்டு பேரும் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உள்ளே பெரிய டீச்சர் மேஜைமேல் அந்த வருஷம்தான் வந்த புதுக் கம்ப்யூட்டர். பிள்ளைகள் பெயரையெல்லாம் அன்றைக்குள் ஏற்ற வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம், ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்துக்கொண்டே கேள்வி கேட்டிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் பெரிய டீச்சரே எழுந்து வெளியே வந்தார். கையைப் பிடித்து ஜெனிட்டாவையும் கூட்டி வந்தார். முகத்தில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால்கூட மங்கம்மா இரண்டு வார்த்தை பேசியிருப்பாள்.

"ஏம்மா, என்கிட்ட சொல்லியிருக்கலாமே. குழந்தைக்குப் பேச்சு வராதுன்னு மறைச்சுக் கூட்டிட்டு வர வேண்டியதில்லையே."

ஃப்ளோராவுக்கு ஒன்றும் புரியவில்லை. நன்றாகப் பேசுவாள் மிஸ் என்றாள். மாடியே அதிரப் பேசுவாள் என்றாள் மங்கம்மா. பெரிய டீச்சர் பொறுமையாகத் தலையாட்டினார். எத்தனையோ தடவை கேட்டேன், பெயர்கூடச் சொல்லவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்றார். "ஒரு பேப்பரை எடுத்து ஏதோ எழுதி நீட்டினா. கையெழுத்து அழகா இருக்கு. ஆனா ரைபு, ரைபுன்னு எழுதியிருக்கா. அப்படி ஒரு வார்த்தையே கிடையாதேம்மா." இந்த மாதிரிக் குழந்தைகளுக்கென்றே தனிப் பள்ளிக்கூடம் இருக்கிறது, விலாசம் வாங்கித் தருகிறேன், சீக்கிரம் சேர்த்தால் நல்லது என்று ஜெனிட்டாவின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வராண்டாவில் அடுத்த தாய் தன் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

ரைபு என்றால் என்னவென்று ஃப்ளோராவுக்கும் தெரியவில்லை. ரோட்டுக்கு வந்ததும் ஏன் வாய் திறக்கவில்லை என்று மகளைக் கேட்டாள். கண்டெய்னர் லாரிகள் போகிற இரைச்சலில் மறுபடி கேட்டாள். ஜெனிட்டா பள்ளிக்கூடப் பக்கமே திரும்பிப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஃப்ளோரா கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டாள். அவள் பிள்ளையை அடித்து மங்கம்மா பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் ஷேர் ஆட்டோவில் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அழக்கூட நேரமில்லை. கம்பெனியிலிருந்து இரண்டு தடவை போன் வந்திருந்தது. ஃப்ளோரா முகத்தைக் கழுவிக்கொண்டு காதில் மாட்டிக்கொண்டாள். ஜெனிட்டா கவுனைக்கூட மாற்றாமல் தன் இடத்தில் தரையில் உட்கார்ந்தாள். வழக்கமாக அந்த நேரத்துக்குப் போகிற கரண்ட் அன்றைக்குப் போகவில்லை. சனியன், வேண்டாதபோது போகும், வேண்டுமென்று ஒருத்தி தவமிருக்கிறாள், போகவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. மிதியை மிதித்து மிதித்துக் கேட்டாலும் டாக்டர் சொல்வது ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை என்று ஃப்ளோரா பின்னால் சொன்னாள்.

கடைசியில் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். படி இறங்கி வந்தாள். கீழ் நடையில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாடிக்கான மெயின் ஸ்விட்ச் இருக்கிறது. அன்ரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த மங்கம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃப்ளோரா அதைப் படக்கென்று இறக்கினாள். மேலே கீக் கீக் என்று யூ.பி.எஸ். கத்தியது. அவள் ஏறிப் போய் எதையும் சேமிக்காமல் அதையும் அணைத்தாள். அடித்ததில் பாதி போயே போய்விட்டது. மங்கம்மா எச்சில் கையோடு பின்னாலேயே ஓடினாள்.

திரை கறுத்தது. ஜெனிட்டா கைதட்டவில்லை. ஆனால் பேசினாள்.

"மிஸ் டைப் பண்ணிக்கொண்டு இருந்தவா, அம்மா."

ஃப்ளோரா மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் கதைச்சா ஆரின்ரயோ கால் போயிடும் எண்டு பயந்தனான். நீங்கள் டைப் பண்ணி முடிக்க நான் கதைக்கிறன் எண்டு எழுதிக் குடுத்தனான். அவா வாசிச்சிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சவா."

டைப் என்பதை அவர்கள் 'ரைப்' என்றுதான் எழுதுவார்கள், ஜெனிற்றா மாதிரி. பெரிய டீச்சர் எங்களைப் போல எழுத்துப்படி ரைபு என்று படித்திருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. யார்மேல் கோபப்படுவது. மங்கம்மா சோற்றுக் கையோடு சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். ஃப்ளோரா அழவில்லை. தான் அடித்த கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். கம்பெனியிலிருந்து மறுபடி போன் அடித்தது. கொஞ்ச நேரம் அடிக்கவிட்டாள். அப்புறம் இறங்கிப் போய், இறக்கிய மெயினை அவளே மேலே தள்ளினாள்.

மறுநாள் விடியற்காலையிலேயே மங்கம்மா பெரிய டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றாள். நடந்ததை ஆதியிலிருந்து சொன்னாள். அமெரிக்க டாக்டர், கிழவரின் கால், சிலேட்டு, யூ.பி.எஸ். என்று அவள் பாஷையில் அவள் சொல்லச் சொல்லப் பெரிய டீச்சருக்கு எது எதோடு சேர்கிறது என்றே பிடிபடவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தால் குழந்தை பேசாது என்கிறாயா என்று கேட்டார். பெற்றவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு காரணம் சொல்லத்தான் செய்வார்கள் மங்கம்மா, நீ அவர்களுக்கு நல்லது செய்ய நினைத்தால் அந்தத் தனிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போ என்றார். அந்த ஒரு இடத்தையும் நேற்று மத்தியானமே இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தாகிவிட்டதாம். அடுத்த ஜூனில் வேண்டுமானால் பார்க்கலாமாம்.

கொடுப்பதற்காகக் கொண்டுபோன வஞ்சிரத்தை மங்கம்மா திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். வாடிக்கை போனால் மயிரே போச்சு என்றாள். அதைத்தான் அன்றைக்கு மாடியில் தேங்காய்ப் பால் விட்டுச் சொதி வைத்தார்கள். ஃப்ளோரா மகளுக்கு முள் எடுத்துக் கொடுத்து, நான் வேலை செய்யும்போதும் நீங்கள் கதைக்கலாம், சத்தமாகக் கதையுங்கோ, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுக் காதில் மாட்டிக்கொண்டாள். ஜெனிட்டா தலையாட்டினாள். அப்புறம் சிலேட்டை எடுத்து எழுதி நீட்டினாள். பரவாயில்லை அம்மா, நீங்கள் வேலையை முடியுங்கோ என்று எழுதியிருந்தது.

சாயங்காலம் கரண்ட் போனது. எதிர்வீட்டில் வசவு தொடங்கியது. கோதண்டமும் வாயைத் திறந்தார், மங்கம்மா கையைக் காட்டி அடக்கினாள். மேலே கீக் கீக் சத்தம் நின்றதும், எழுந்து நிற்கிற மாதிரி ஒரு காலடி கேட்டது. அப்புறம் அந்தக் குரல், அவர்கள் ஊர்ப் பேச்சும் இல்லாமல் எங்கள் பேச்சும் இல்லாமல், ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது.

"என் பெயர் ஜெனிட்டா. என் அப்பா கனடாவில் வேலை செய்கிறார். என் தம்பி பெயர் ஆன்டன். இது நாற்காலி. அது ஜன்னல்."

யாரும் கேள்வி கேட்கவில்லை. அவளாகவே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். மங்கம்மா அன்ரனை மடியில் இறுக்கிக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் வாசலில் நின்றிருந்தேன்.

"நான் பெரியவள் ஆனதும்..."

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. எதிர்வீட்டில் டி.வி. பாடியது. மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, அதோடு சரி.

மங்கம்மா புருஷன் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு நீதான கேட்டே. இன்னாவா ஆவப் போறேன்னு சொன்னிச்சு?"

கோதண்டம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஞாபகம் வரவில்லை அவருக்கு. மாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"இப்ப சொல்லியிருக்கும்மே. அதுக்குள்ள கரண்ட்டு வந்துட்ச்சு."